எறும்பு வருதா?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் சாக்கடை ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, எறும்பு ஊர்கிறதா என்று பார்த்த வெளியாள் அந்த மிஸ்ஸி ஒருவர்தான். வணக்கம் சொன்ன கையோடு, "குளிக்கிற எடம் எந்தப் பக்கம்? அங்க எறும்பு வருதா?" என்று கேட்டார். நோயாளியான என் மாமனார் புதுச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் ஜம்மென்று காத்திருக்கிறார். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெள்ளைக் கவுனை முழங்காலுக்குள் சுருட்டிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் எறும்புச் சாரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடத்துக்கு வந்து, பக்கத்துக் கடைச் சீனனுக்கும் தமிழ் தெரிந்திருந்தால் விளங்கியிருக்கும் என்கிற குரலில், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல 'நானா' என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"நானா, ராத்திரி எத்தன தடவ ஒண்ணுக்குப் போறீங்க?"

திரைக்குப் பின்னால் நின்ற என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் மானம் கப்பலேறிற்று. துறைமுகம் பக்கத்தில்தான் இருந்தது, அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

பினாங்கில் நர்சுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். இவர் டத்தோ கிராமாட் பக்கத்திலிருந்து ரிக்‌ஷாவில் வருவார். நாற்பது வயதை ஒட்டியவர், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் தோல்பை, இன்னொரு கையில் தூக்குச் சட்டி. டவுனில் எங்கள் குடும்பத்துக்கு மருந்து கொடுத்த டாக்டர், வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்க வைத்திருந்த மிஸ்ஸி அவர். அவருடைய பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்கிற வேலை முழுக்க அவருடையதாக இருந்தது, பதில் சொல்லி வெட்கப்படுகிற வேலை எங்களுடையது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம் அது. கீழே மாமாவின் நாசி கண்டார் சோற்றுக் கடை, மேலே நாங்கள். நான் அந்த வீட்டு மருமகள், இரண்டு பிள்ளைக்குத் தாய். என் வீட்டுக்காரர் நாகப்பட்டினத்துக்கு ஓடுகிற கப்பலில் வேலையாக இருந்தார். கரையில் இருந்த நாளைவிடத் தண்ணீரில் இருந்த நாள்தான் அதிகம். மாமிக்குக் கண்ணில் புரை. ஆக, அந்த வீட்டில் கண் தெரிகிற, மாடிப்படி ஏறி இறங்குகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் விளங்கும்.

மாமாவுக்கு வியாதி இருந்தது எப்படித் தெரிந்தது என்பதே ஒரு கூத்து. ஒரு நாள் காலையில் அடுப்படியில் நின்றபடியே, "மீன் தீயுதுடா, எவன்டா பாக்குறது?" என்று வேலையாட்களைக் கத்தினாராம். சட்டியில் மீனே போடவில்லை. அடுப்பிலிருந்து தெறித்த தணல் அவர் கால்விரலில் விழுந்து தீய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு நாற்றம் தெரிந்ததே தவிர வலி தெரியவில்லை. அந்தப் புண் ஆறவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இனிப்பு நீர். சர்க்கரை இறங்கலேன்னா கால எடுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டார். சர்க்கரை கலந்த மூத்திரத்துக்கு எறும்பு வரும், மிஸ்ஸி சாக்கடையில் தேடியது அதைத்தான். மாமா சாவுக்குப் பயந்தவர் அல்ல. காலுக்குப் பயந்தார். விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் நின்ற காலில் நின்று குழம்பு அள்ளி ஊற்றுகிற தொழில் அது. காலில்லாத முதலாளியை அந்தத் தெரு மறு வாரமே மறந்துவிடும். அதைவிட, பள்ளிவாசலில் சப்பில் வரிசையோடு வரிசையாக நின்று தொழ முடியாதே என்பது அவர் கவலை.

மிஸ்ஸி அவர் காலைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து எடுத்து, "தொடறப்ப 'இப்ப'ன்னு சொல்லுங்க நானா" என்றார். மாமா கம்பீரமாக "இப்ப... இப்ப... இப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிஸ்ஸி பஞ்சை எப்போதோ மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்து, அடுத்த கணமே அவமானமாக இருந்தது. ஊரையே அதட்டுகிற மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு வெறும் காற்றுக்கு "இப்ப" சொல்கிறார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "கண்ணத் தொறங்க. கால் உங்ககிட்ட பொய் சொல்லுது. இனிமே அத நம்பி அடுப்படில நிக்காதீங்க. தெனம் கண்ணால பாருங்க, கையால தடவுங்க. தண்ணி சூட்ட முழங்கைய விட்டுப் பாருங்க" என்றார். சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

இதுதான் அவருடைய அடுத்த கொடுமை. எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்ல வைப்பார். "வெளங்குச்சு, வெளங்குச்சு" என்று தலையாட்டினால் விடமாட்டார். "வெளங்குன தலைய நான் நெறயப் பாத்துட்டேன்லா. வாய் சொல்லட்டும்." மதரஸாப் பிள்ளை மாதிரி மாமா ஒப்பித்தார். ஒரு வார்த்தை மாறினால் முதலிலிருந்து. சர்க்கரையை இறக்குகிற இன்சுலின் ஊசியைத் தானே போடக் கற்றுக்கொண்டபோதும் அப்படியே. தொடையில் எங்கே, எவ்வளவு, போட்டதும் என்ன? "போட்டதும் சாப்பிடணும்." "எப்ப?" "ஒடனே." "சாப்பிடலேன்னா?" "வேர்க்கும், நடுங்கும், தாறுமாறாப் பேச்சு வரும்." "அப்ப?" "சர்க்கரை." இந்தக் கடைசிக் கேள்விகளை மாமாவிடம் மட்டும் கேட்கவில்லை, திரைக்கு இந்தப் பக்கமும் கேட்டார். "மயக்கம் போட்ட ஆளு தனக்குத் தானே சர்க்கரை எடுத்துக்க முடியாது தங்கச்சி. நீங்க சொல்லுங்க. அக்கா, நீங்களும்." மாமி சலித்துக்கொண்டே சொன்னார். மயங்கின ஆளுக்குத் தண்ணீராக ஊற்றக் கூடாது, பாகை விரலில் தொட்டுக் கன்னத்து உள்பக்கம் தடவ வேண்டும் என்பதுவரை எங்கள் வாயால் வந்த பிறகுதான் பையை மூடினார்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கக்கேடு அந்த நீலத் தண்ணிதான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் சில சொட்டு விட்டு, சாராய விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து. இதைத் தினமும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றார் மிஸ்ஸி. கீழே ஊரே வந்து சோறு தின்கிற கடை. மேலே மூத்திரத்தைக் கொதிக்க வைக்கிறார்கள் என்று ஒரு வாய் வெளியே போனால் கடையை அன்றைக்கே மூடிவிட்டுப் போகலாம்.

மாமிக்குக் கடைகூட இரண்டாம் பட்சம். "அல்லாவே! நஜீஸ அடுப்புல வச்சிட்டு அந்த வீட்ல எப்படித் தொழுறது?" என்று மூச்சு வாங்கினார். நஜீஸ் என்றால் தீட்டு மாதிரி. உடுப்பில் ஒரு சொட்டுப் பட்டாலும் கழுவாமல் தொழக் கூடாது.

இந்த இடத்தில்தான் மிஸ்ஸியிடம் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். எறும்பைப் பற்றிக் கேட்க அஞ்சாத அந்த வாய், தொழுகை என்ற வார்த்தையைக் கேட்டதும் அடங்கிப் போயிற்று. "மன்னிச்சுக்குங்க அக்கா. எங்க வச்சா உங்களுக்குத் தோதோ அங்க வைங்க" என்றார், மெதுவாக. பின்கட்டில் தொழுகைப் பாய்க்கு எட்டாத ஒரு மூலையை மாமி காட்டினார். பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் மிஸ்ஸி பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். பாய் விரித்த பக்கம் கால் வைக்கமாட்டார். மரியாதை தெரிந்த மனுஷி என்று மாமிக்கு அதிலிருந்து அவர்மேல் ஒரு பிரியம். எனக்கும்தான். அந்த மரியாதை எங்களுக்கு எமனாக வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நிறத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் ஒரு சண்டை. "பருப்புக் கறி மாதிரி மஞ்சளா வந்துச்சுன்னா..." என்று மிஸ்ஸி ஆரம்பித்ததும் மாமி காதைப் பொத்திக்கொண்டார். "மிஸ்ஸி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவுது. சாப்பாட்டுப் பேரு மட்டும் சொல்லாதீங்க!" அன்றைக்குத்தான் மிஸ்ஸி சிரித்து நான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

நிறம் பார்க்கக் கண் வேண்டும். மாமிக்குப் புரை. ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாமனார் எதிரில் முக்காடில்லாமல் நிற்காத நான், அவருடைய மூத்திரத்தைக் கொதிக்க வைக்க வேண்டும். தினமும் காலையில் மாமா பின்கட்டுக்குப் போய், குப்பியை மூலையில் வைத்து, மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு, ஒரு தடவை இருமுவார். இருமல் கேட்டால் அவர் நகர்ந்துவிட்டார் என்று அர்த்தம். நான் போவேன். முடிந்ததும் மாமியிடம், "இன்னிக்குப் பச்சை மாமி" என்பேன். நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மாமா அதைக் கேட்காதது போல இருப்பார். மாமி அவர் பக்கம் திரும்பி, "பச்சையாம்" என்பார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காது கேட்கும். செங்கல் நிறம் வந்த நாட்களில் அவர் அன்றைக்கு முழுவதும் என் பக்கமே திரும்பமாட்டார். முந்தின நாள் குழம்பு ருசி பார்க்கிறேன் என்று சோற்றையும் சேர்த்து அடித்ததை அந்தக் குழாய் மருமகளிடம் சொல்லிவிட்டதே என்று கூசுவார்.

என்னையும் மிஸ்ஸி விட்டு வைக்கவில்லை. ஒரு நாள் போகிற போக்கில் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "மாசத்துக்கு எத்தன நாள் தங்கச்சி? ரொம்பப் போவுதா?" மாமி பக்கத்தில், மாமா அடுத்த அறையில். பூமி பிளந்தால் நான் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன். "கேட்டா ஒரு நாழி வெக்கம் தங்கச்சி. கேக்காட்டி..." என்று இழுத்துவிட்டுப் பையை மூடினார். அந்த வாசகத்தை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மறு வாரம் இரும்புச் சத்து மருந்து கொண்டு வந்தார். படியேறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது நின்றது. அது வியாதி என்றே எனக்கு அதுவரை தெரியாது, பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்படியே மெல்ல மெல்லச் செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, புண்ணும் ஓரம் காய ஆரம்பித்தது. அப்போதுதான் நோன்பு வந்தது.

பிறை தெரிவதற்கு முன்னால் மிஸ்ஸி வந்திருந்தார். வாசலில் நோன்புக் கஞ்சிச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தோம். அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். காலைப் பார்த்தார், மருந்து மாற்றினார். அன்றைக்கு ஏனோ பையை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நான் வெட்கப்படத் தயாரானேன். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். எனக்கு ஒரே ஆச்சரியம், கொஞ்சம் நிம்மதியும்கூட.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல. நாளுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு போட்டால் போதும். ஆனால் தெருவே அறிந்த கடை முதலாளி, பகலில் கடையை அடைத்துவிட்டு மேலே உட்கார்ந்து சோறு தின்கிறான் என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவது? பள்ளியில் தொழுகை நடத்துகிற லெப்பையிடம் போய், "ஊசி போட்டா நோன்பு முறியுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "வயித்துக்குள்ள போகுதா?" என்று லெப்பை கேட்டார். "இல்ல, தொடைல." "அப்ப பாதகமில்ல." அதோடு இவருக்குத் திருப்தி. லெப்பையிடம் நோன்பைக் கேட்டார், வியாதியைக் கேட்கவில்லை. மிஸ்ஸியிடம் வியாதியைக் கேட்டவர் நோன்பைக் கேட்கவில்லை.

முதல் சில நாள் தப்பித்தது. சாயங்கால ஊசியை நோன்பு திறக்கிற நேரத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில்தானே கடையில் கூட்டம் நெரியும்! ஒரு நாள், கூட்டம் வருவதற்கு முந்தியே போட்டு முடித்துவிடலாம் என்று பிற்பகல் அஸர் தொழுத கையோடு போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் மாதிரிக் கடைவீடுகளில் மாடித் தரையில் ஒரு சின்னச் சதுரப் பலகை இருக்கும். அதைத் தூக்கினால் கீழே வாசல் தெரியும். பெண்கள் கடைக்குள் இறங்குவதில்லை, அந்தத் துவாரம்தான் எங்களுக்கு உலகம். கீழே மாமாவின் குரல் வழக்கத்துக்கு மாறாக ஏறி ஏறி இறங்கியது. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். வாசலில் தூக்குச் சட்டிகளோடு ஜனம். மாமா எந்த வாடிக்கைக்காரரையோ காரணமில்லாமல் ஏசிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கோழிக் குழம்பை அள்ளி மீன் குழம்புச் சட்டியில் ஊற்றினார். நாற்பது வருஷத் தொழிலில் அவர் செய்யாத காரியம் அது. அகப்பை கையில் நடுங்கியது.

வேர்க்கும், நடுங்கும், தாறுமாறாப் பேச்சு வரும். "அப்ப?" என்று மிஸ்ஸியின் குரல் என் காதிலேயே கேட்டது.

நோன்பு திறக்கக் காய்ச்சி வைத்திருந்த குலா மலாக்காக் கருப்பட்டிப் பாகைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு இறங்கினேன். முக்காடு எந்தப் படியில் விழுந்ததோ தெரியாது. நான் போவதற்குள் அவர் சாய்ந்துவிட்டார். வேலையாட்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். "நோன்பு மயக்கம்தான், ஒண்ணுமில்ல" என்றது ஒரு குரல். நான் அவர் தலையை மடியில் எடுத்து, வாயை நெம்பினேன்.

"ஏம்மா, ஏம்மா! இன்னும் பாங்கு சொல்லல!" என்று கத்தினார் கூட்டத்தில் ஒருவர். "இந்தா ஆயிருச்சு, கொஞ்சம் பொறுத்துக்கம்மா. மனுஷன் நோன்ப வீணாக்காத!"

மேலே துவாரத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. அவருடைய புரைக் கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கேட்டுத்தான் இருப்பார். "தடவு புள்ள! கன்னத்துல தடவு!"

தடவினேன். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில், விரலால், திரும்பத் திரும்ப. பாகு அவர் தாடியில் வழிந்து மார்பில் ஒழுகியது. தெருவே சுற்றி நின்று பார்த்தது. மாமனாரின் வாய்க்குள் மருமகளின் விரல், தலையில் துணியில்லை. அந்த வெட்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் காது மடல் சுடுகிறது. ஆனால் விரலை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் நாக்கு அசைந்தது, விழுங்கினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். மார்பில் வழிந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். "பாங்கு சொல்லிருச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் பள்ளியிலிருந்து பாங்கு ஆரம்பித்தது. மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று இரவு அவர் ஊசிப் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டார். "கால் போனாப் போவுது. இனிமே எனக்கு இது வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் மிஸ்ஸி வந்தார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். பின்கட்டுக்குப் போகவில்லை. குழாயைக் கேட்கவில்லை. மாமாவின் நாற்காலிக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"நானா, நான் ஒண்ணு கேக்காம விட்டுட்டேன்" என்றார். அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது. "அன்னிக்குக் கஞ்சிச் சட்டியப் பாத்தேன். நோன்பு வைப்பீங்களா, வச்சா ஊசிய என்ன செய்வீங்கன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க மார்க்கம். வேற மார்க்கத்துக்காரி நான் யாரு கேக்கன்னு கூசிப் போச்சு."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையைக் கிட்ட நின்று பார்க்கச் சகிக்காது. மாமி திரையை விலக்கிக்கொண்டு வெளியிலேயே வந்துவிட்டார். "அல்லாவே! எறும்பு வருதான்னு கேட்டீங்க. மாசத்துக்கு எத்தன நாள்னு கேட்டீங்க. இதக் கேக்கக் கூடாதா மிஸ்ஸி?"

மிஸ்ஸி முகம் சிவந்து, பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். எங்களை இத்தனை மாதம் வெட்கப்பட வைத்தவர் வெட்கப்படுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு அவரே நிமிர்ந்தார். "எனக்கு நோன்பச் சொல்லிக் குடுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி சொன்னார், நான் சொன்னேன். விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் எப்போது, நோன்பு திறப்பது எப்போது, யாருக்குக் கடமை, யாருக்கு விலக்கு. மிஸ்ஸி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். "நோயாளி நோன்ப விட்டா, நாளுக்கு ஒரு ஏழைக்குக் காசு குடுக்கணும்."

"காசில்ல" என்றார் மாமா, ஜன்னலைப் பார்த்தபடி. "சாப்பாடு. மொதல்லேருந்து சொல்லுங்க."

மிஸ்ஸி முதலிலிருந்து சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிறகு பழைய குரலில், ஆனால் மெதுவாக, "இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க நானா? நீங்க சொல்லுங்க" என்றார்.

மாமா ஜன்னலிலிருந்து திரும்பிப் பரணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊசி போடணும். போட்டதும் சாப்பிடணும்."

மாமாவுக்குப் பிற்பாடு ஒரு கால்விரல்தான் போயிற்று, கால் நின்றது. கடைசி வரைக்கும் இரண்டு காலில் நின்றுதான் தொழுதார். நோன்பு மாதம் தோறும் நாளுக்கு ஓர் ஏழைக்கு அவர் கையாலேயே சோறு போட்டார், அதுவும் குழம்பு தளும்பத் தளும்ப. தெரு கொஞ்ச நாள் பேசிற்று, பிறகு வேறு பேச்சுக் கிடைத்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்த முதல் நாள் மத்தியானத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். மாமி பின்னறையில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் தட்டை வைத்தார். மாமா ஊசி போட்டுக்கொண்டு உள்ளே போனார். யாரும் ஏறி வந்துவிடாமல் மிஸ்ஸி படித் தலைப்பில் காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டார். அவருடைய தூக்குச் சட்டி பக்கத்தில் இருந்தது. நோன்பு வீட்டில் அதைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

திரைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. சோறு பிசையும் சத்தம்கூட இல்லை. ஊசி போட்டாயிற்று, உடம்புக்குள் அது வேலையைத் தொடங்கியிருக்கும். நான் பாகுக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி என் தோளை இறுக்கினார். மிஸ்ஸி பாதி எழுந்தார். ஒரு அதட்டல் போட்டால் மாமா சாப்பிட்டிருப்பார், எத்தனையோ தடவை அப்படிச் சாப்பிட வைத்தவர்தான். அதட்டவில்லை. திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"மிஸ்ஸி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்த வீட்டில் அவரைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"இல்ல நானா."

"சட்டியில என்ன?"

"சோறு. கருவாட்டுக் கொழம்பு."

"அப்பத் தொறங்க. தனியாத் திங்க வெக்கமா இருக்கு."

மிஸ்ஸி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். மாமி தலையசைத்தார். தூக்குச் சட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் மாமா பிஸ்மி சொல்லிச் சோறு பிசைந்தார்.